கேலக்ஸிக் கொத்துகளை எடைபோடும் கதையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வானப் படத்தைப் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். அச்சும் வண்ணமும் கண்ணை நிறைத்தன. ஆனால் கீழே இருந்த குறிப்பு, ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் என்று வியந்ததோடு நின்றுவிட்டது. அந்தப் படத்தை வைத்து விஞ்ஞானிகள் போடும் கணக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

படத்தின் நடுவில் வெண்மையாக, சற்றுப் பூசினாற்போல் தெரிபவை எஸ்மேக்ஸ் 0723 என்ற கேலக்ஸிக் கொத்தை, அதாவது ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டத்தை, சேர்ந்தவை. அந்த ஒளி புறப்பட்டுச் சுமார் 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைச் சுற்றி நீளமாக, வில்போல் வளைந்த கீற்றுகள் இருக்கின்றன அல்லவா? அவை கொத்தைச் சேர்ந்தவையே அல்ல. அதற்கும் வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸிகள். கொத்தின் ஈர்ப்பு, வழியில் வரும் ஒளியை வளைத்து இழுத்துவிடுகிறது. ஒரே கேலக்ஸி இரண்டு மூன்று இடங்களில் தெரிவதும் உண்டு. வளைவு எவ்வளவு என்று அளந்தால் கொத்தின் நிறை கிடைத்துவிடும். அந்த நிறையில் நம் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் பங்கு சில சதவீதம்தான். கேலக்ஸிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும், கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருப்பதோ, ஒளி வீசாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள்.

1933இல் வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற கொத்தை ஆராய்ந்தபோதே இதன் தடயம் கிடைத்தது. அங்குள்ள கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு, தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்திருந்தால் கொத்து எப்போதோ சிதறிப்போயிருக்கும். 90 ஆண்டுகள் தாண்டியும் அந்தக் கரும்பொருள் என்னவென்று பிடிபடவில்லை.

எடைபோட இன்னொரு வழி அந்த வெப்ப வாயு. அது எக்ஸ் கதிர்களை வீசுகிறது. காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குப் போனால்தான் பார்க்க முடியும். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி இதில் செய்திருக்கும் வேலைக்குத் தனிக் கட்டுரையே போடலாம். ஆனால் இந்த முறையில் ஒரு சிக்கல். வாயு அமைதியாக இருக்கிறது, அதன் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்கும். வாயு கொந்தளித்துக்கொண்டிருந்தால் விடை பிசகிவிடும்.

இதைச் சோதிக்க ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஹிடோமி என்ற விண்கலத்தை அனுப்பியது. அதன் உணரியை, குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு மேல் 0.05 டிகிரி வரை குளிர்வித்திருந்தார்கள். ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் விழும்போது ஏறும் நுண்ணிய வெப்பத்தை அளந்து அதன் ஆற்றலைச் சொல்லும் கருவி அது. அடுத்த மாதமே கலம் கட்டுப்பாடிழந்து சுழன்று உடைந்துபோனது. அதற்குள் பெர்சியஸ் கொத்தின் மையத்தைப் பார்த்துவிட்டது. அங்கே வாயுவின் கொந்தளிப்பு வினாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர்தான். நடுவில் கருந்துளை ஒன்று வாயுவைக் கலக்கிக்கொண்டிருந்தும் இவ்வளவு அமைதியைப் பலர் எதிர்பார்க்கவில்லை. சில வாரங்களே வாழ்ந்த ஒரு கலம் விட்டுப்போன இந்த அளவீட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர, 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிசம் என்ற விண்கலம் ஏவப்பட்டது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது; ஒன்றிரண்டு கொத்துகளை எடைபோட்டால் போதாது. ஈர்ப்பு பொருளைச் சேர்த்துக் கொத்துகளை வளர்க்கிறது. பிரபஞ்ச விரிவை முடுக்கும் கரும் ஆற்றல் அதற்குக் குறுக்கே நிற்கிறது. எந்தக் காலத்தில், எவ்வளவு நிறையுள்ள கொத்துகள் எத்தனை இருந்தன என்று எண்ணினால்தான் இந்த இழுபறி தெரியும். அதற்கு வானம் முழுவதையும் சலிக்க வேண்டும். வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்த பலோமர் வான்கணிப்பின் புகைப்படத் தகடுகளைக் கண்ணாலேயே பார்த்து 2,712 கொத்துகளைப் பட்டியலிட்டு, 1958இல் வெளியிட்டார் வானியலாளர் ஜார்ஜ் ஏபெல். ஏபெல் 2390 என்றெல்லாம் இன்று படிக்கும் பெயர்கள் அந்த உழைப்பிலிருந்து வந்தவை.

2019இல் ஏவப்பட்ட இரோசிட்டா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, முதல் சுற்றிலேயே பாதி வானத்தில் 12,247 கொத்துகளைக் காட்டியது. மூன்றில் இரண்டு பங்கு புதியவை. எக்ஸ் கதிரில் தெரியும் மங்கலான பொட்டு கொத்துதானா, எவ்வளவு தொலைவு என்று உறுதிசெய்தவை தரையிலிருந்து எடுத்த வான்கணிப்புகள். முன்பு பிளாங்க் விண்கலம் எண்ணியபோது கொத்துகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. எண்ணிக்கையில் பிழையா, எடையில் பிழையா, நம் பிரபஞ்சக் கோட்பாட்டிலேயே பிழையா என்று ஆண்டுக்கணக்கில் விவாதம். பின்னணிக் கேலக்ஸிகளின் மிகச் சிறிய உருச்சிதைவை அளந்து எடையைச் சரிபார்த்த இரோசிட்டா குழு, 2024இல் வெளியிட்ட முடிவு கோட்பாட்டோடு ஒத்துப்போனது. இப்படி ஒரு செய்தி நம் பத்திரிகைகளில் கண்ணில் படவே இல்லை.

அதைவிட வருத்தம், இரோசிட்டா நின்றுவிட்டது; அதுவும் பழுதாகி அல்ல. ரஷ்ய விண்கலத்தில் இருக்கும் ஜெர்மன் கருவி அது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 பிப்ரவரியில் ஜெர்மனி அதை நிறுத்திவைத்தது. எட்டு முறை வானத்தைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். முழுதாக முடிந்தது நான்கு முறை. வானத்தின் தரவும் இரு நாடுகளுக்குமாகப் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. அந்த 12,247 ஜெர்மனியின் பாதியில் எண்ணியவை. போரின் இழப்புகளுக்கு முன் இது சிறிதுதான். ஆனாலும் இழப்பு இழப்புதான். வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் யூக்ளிட் தொலைநோக்கி 2023 நவம்பரில் வெளியிட்ட பெர்சியஸ் படத்தில் கொத்தின் ஆயிரம் கேலக்ஸிகளும், பின்னால் ஒரு லட்சம் கேலக்ஸிகளும் இருந்தன. அது வானத்தின் மூன்றில் ஒரு பங்கை ஆறு ஆண்டுகளில் படமெடுக்கப்போகிறது. முதல் பெரிய தரவுத் தொகுப்பை 2026 அக்டோபரில் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். அப்போதும் படத்தைப் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பக்கத்திலேயே, எத்தனை கொத்துகள், எப்படி எடைபோட்டார்கள், பழைய கணக்கோடு ஒத்துவந்ததா என்பதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்