மகளுக்கு, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமையில் "எல்லாம் சரி அம்மா" என்பதற்கு மேல் நீ கதைப்பதில்லை. குளிர் எப்படி என்றால் சொல்கிறாய். ஆய்வுகூடம் எப்படி என்றால் போனை வைக்கிறாய். உன் ஆராய்ச்சி வேலை ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. இது மாசி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணாவிடம்தான் கேட்டேன், இவ்வளவு காசுள்ள பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளை ஏன் வருசத்துக்கு வருசம் என்று வைத்திருக்கின்றன என்று. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திடம் 50 பில்லியன் டொலருக்கு மேல் இருக்கிறதாம். அதுவே 2025 மார்ச்சில் ஆள் எடுப்பதை நிறுத்தியதாம். அந்தக் காசில் பெரும்பகுதி, கொடுத்தவர்கள் இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்தது என்றான். நம் சனம் ஊர் ஊராகச் சேர்த்த 6 மில்லியன் டொலரும் அங்கே தமிழ் இருக்கைக்கு, அதாவது தமிழுக்கென்று ஒரு பேராசிரியர் பதவிக்கு மட்டும்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயில் உபயம் மாதிரி. தேருக்குத் தந்த காசில் கரண்ட் பில் கட்ட முடியாது. உன்னைப் போன்றவர்களின் சம்பளம் அனேகமாக ஆராய்ச்சிக்கு வரும் காசிலிருந்துதானாம். அது நின்றால் என்ன செய்வார்கள் என்று அவனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நல்லதும் இருக்கிறது. கேட்ட இரசாயனம் மறுநாளே மேசைக்கு வருகிறது என்று முதல் வருசம் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய்! இங்கே 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். 2024இல் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் போனது. உன்னோடு படித்தவள் பழுதான கருவி ஒன்றைத் திருத்த மாதக்கணக்காகக் காத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு நிரந்தர வேலை. பின்னேரம் தாயோடு காலி வீதியில் மரக்கறி வாங்கப் போகிறாள். பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன தீபாவளிக்குக் கேட்டாயே, "கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ விண்ணப்பிக்கட்டா?" என்று. "இங்கே வந்து ரூபாயில் என்ன செய்யப் போகிறாய்" என்றேன். சம்பளத்துக்காகச் சொன்னதில்லை பிள்ளை. நீ பேராசிரியர் என்று இந்தத் தொடர்மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். போஸ்ட்டொக் என்றால் கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் செய்யும் ஆராய்ச்சி வேலை என்று தெரிந்த பிறகும் சொன்னேன். கோயிலிலும் சொன்னேன். திரும்பி வந்தால் ஏன் வந்தாள் என்று கேட்பார்களே. அந்தச் சனத்துக்குப் பயந்து உன் வாயை அடைத்துவிட்டேன். அதிலிருந்துதான் நீ கதைப்பதைக் குறைத்தாய். எனக்குத் தெரியும்.

போன வெள்ளி மூன்றாம் மாடி மாமி விசாரித்தா. "பேராசிரியர் இல்லை, வருச ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்" என்றேன். அவ "பிள்ளை சுகமா இருக்கிறாளா" என்று மட்டும் கேட்டா.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் முழித்திருக்காதே. சாப்பாட்டை மட்டும் விடாதே.

மிளகாய்த்தூள் வறுத்து இடிப்பித்து இரண்டு கிலோ வைத்திருக்கிறேன். யாரிடமாவது கொடுத்து விடவா, இல்லை நீ வந்து எடுக்கிறாயா?

அம்மா