கப்பல் எஞ்சினுக்குக் கார் எஞ்சின் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார மாணவர் பக்கத்தில் வந்த கப்பல் எஞ்சின் கட்டுரையைப் பேரன் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத முன்வந்தவருக்கு நன்றி. ஆனால் அதோடு போட்டிருந்தது கார் எஞ்சினின் படம். போதாததற்கு, ராட்சத பிஸ்டன் மின்னல் வேகத்தில் பாய்வதாகக் கீழே ஒரு வரி. இருபது வருடத்துக்கு மேல் எஞ்சின் அறையில் வியர்த்தவனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொன்னது 2006இல் எம்மா மேர்ஸ்க் கப்பலில் பூட்டிய 14 சிலிண்டர் வார்ட்சிலா-சுல்சர் எஞ்சின். சிலிண்டரின் உள்விட்டம் 96 சென்டிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டரை மீட்டர். ஆனால் முழு வேகத்திலும் நிமிடத்துக்கு 102 சுற்றுத்தான். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு எட்டரை மீட்டர். கொட்டாஞ்சேனைச் சந்தியில் உறுமிக்கொண்டு பறக்கிற காரின் பிஸ்டன் இதைவிட வேகமாக ஓடும்! அவசரமே இல்லாமல் ஓடித்தான் அது 80 மெகாவாட் தருகிறது. நம் துறைமுகத்தில் மிதந்தபடி மின்சாரம் தந்த நிலையத்தின் நான்கு எஞ்சின்களும் சேர்ந்தே 60 மெகாவாட் அளவுதான்.

மெதுவாகச் சுற்றுவதால் கியர்பொக்ஸ் தேவையில்லை, புரொப்பெல்லரை நேரே பூட்டிவிடலாம். பின்னால் போக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, அழுத்திய காற்றை விட்டு, எதிர்ப்பக்கமாக ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

படத்தின் பெரிய பிழை வேறு. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கீழே சுழலும் கிராங்க் தண்டுக்குக் கொண்டுபோவது கனெக்டிங் ரொட். காரில் அது நேரே பிஸ்டனில் மாட்டியிருக்கும். இரண்டரை மீட்டர் ஓட்டத்துக்கு அப்படி மாட்டினால், சாய்ந்தாடும் ரொட் பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் தேய்த்தே தின்றுவிடும். அதனால் பிஸ்டனிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக இறங்கி, தண்டவாளம் போன்ற வழியில் சறுக்கும் குறொஸ்ஹெட் என்ற இணைப்புத் துண்டில் முடிகிறது. கனெக்டிங் ரொட் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. சிலிண்டருக்கும், கிராங்க் தண்டு சுழலும் கிராங்க்கேஸ் பெட்டிக்கும் நடுவே தளம் போட்டு அடைத்துவிடலாம். கனரக எண்ணெய் எரிந்த கரியும் அமிலமும் கீழேயுள்ள மசகு ஒயிலில் கலக்காது.

எங்கள் கப்பலில் சிலிண்டர் 76 சென்டிமீட்டர்தான். துறைமுகத்தில் நிற்கும்போது கிரேனால் பிஸ்டனைத் தூக்கிவிட்டு, சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று அளக்க ஒருவரை உள்ளே இறக்குவார்கள். அப்போது மெலிந்தவன் நான்தான். ஏணியில் நின்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பேன். மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம், கீழே காற்று வரும் துளைகள், சட்டையெல்லாம் கரி. இன்றைக்கு என்னை அதற்குள் இறக்க முடியாது, அது வேறு கதை.

அடுத்த இதழில் சரியான குறுக்குவெட்டுப் படத்தைப் போடுங்கள். பேரன் பழையதை விஞ்ஞானக் கொப்பியில் ஒட்டிவிட்டான். அதன்மேல் ஒட்டுவதற்காவது அதே அளவில் வேண்டும்.

ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர்,
கொழும்பு 13