உரிமம் வாங்கினால் போதுமா?

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே செமஸ்டர் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவனங்களின் தொழில்நுட்பத் திறனை அளக்க நீ போட்ட மாதிரியின் வரைவை நிதானமாகப் படித்தேன். பிறருடைய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கட்டும் உரிமக் கட்டணத்தை அப்படியே அந்தத் திறனோடு கூட்டியிருக்கிறாயே, அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

ஹூண்டாயை எடுத்துக்கொள். 1968இல் தென்கொரியாவின் உல்சானில் ஃபோர்டு கார்ட்டினா காரைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டினார்கள். அடுத்து வந்த போனி காருக்கு வடிவம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ, இன்ஜின் மிட்சுபிஷி. ஆனால் வரைபடம் கைக்கு வந்ததோடு விட்டுவிடவில்லை. வடிவமைப்பைக் கற்கப் பொறியாளர்கள் சிலரை இத்தாலியின் டூரினுக்கே அனுப்பினார்கள். பகலில் பார்த்ததை அவர்கள் தங்கியிருந்த வீட்டில் இரவு உட்கார்ந்து அலசி, நோட்டில் எழுதிவைத்தார்கள். போனி 1974இல் டூரின் கண்காட்சிக்கு வந்தது. ஹூண்டாயின் சொந்த ஆல்ஃபா இன்ஜின் வர 1991 ஆனது. அந்த 17 ஆண்டு உழைப்பு உரிமக் கணக்கில் எங்கே தெரியும்?

கோஹன், லெவிந்தால் என்ற ஆய்வாளர்கள் 1989இல் தந்த சமன்பாடு உனக்குப் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் அறிவு = சொந்த ஆய்வு + உள்வாங்கும் விகிதம் × (பிற நிறுவனங்களிடமிருந்து கசிவது + துறைக்கு வெளியே உருவாகும் அறிவு). வெளியறிவில் எவ்வளவு பங்கை நிறுவனம் தனதாக்கிக்கொள்கிறது என்பதே அந்த விகிதம்; அது 0க்கும் 1க்கும் இடையே நிற்கும்; சொந்த ஆய்வு கூடினால் அதுவும் ஏறும். உயிர்நாடி அந்தப் பெருக்கல்தான். அதனால் உரிமத்தையும் சொந்த ஆய்வையும் பெருக்கி வரும் உறுப்பைச் சேர்.

ஆய்வுச் செலவால் சேர்ந்த அறிவு இருப்பைக் கணக்கிட, பழைய இருப்பில் ஆண்டுக்கு 15% தேய்மானம் கழித்துப் புதுச் செலவைக் கூட்டுவது வழக்கம். தொடக்க இருப்புக்கு, முதலாண்டுச் செலவை வளர்ச்சி விகிதமும் தேய்மானமும் சேர்ந்த தொகையால் வகு: செலவு 5 கோடி, வளர்ச்சி 10% என்றால் 20 கோடி. உன்னிடம் இருப்பதோ சில ஆண்டுத் தரவு. அதில் இந்தத் தொடக்க எண்ணே முடிவை இழுத்துவிடும். தேய்மானத்தை 20%, 30% என்று வைத்தும் ஓட்டிப் பார்.

இன்னொன்று. ஆரம்பக்கட்டக் கற்றல் பெரும்பாலும் ஆய்வுச் செலவில் பதிவாகாது. ஜிக், ஃபிக்ஸ்சர் போன்ற பாகங்களைப் பிடித்துவைக்கும் கருவிகள் செய்தது, சோதனை ஓட்டத்தில் வீணான பாகங்கள் எல்லாம் உற்பத்திச் செலவில் போய்விடும். பொறியாளர் சம்பளத்தையாவது தனியே பிரித்தெடு. நல்ல நிர்வாகம் உள்ள நிறுவனம் உரிமமும் வாங்கும், ஆய்வும் செய்யும். அதனால் அந்தப் பெருக்கல் உறுப்பின் கெழு, அதாவது அதன் விளைவின் அளவு, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் மாறாத தன்மையைக் கழிக்கும் நிலைவிளைவைச் சேர்த்தாலும், நிர்வாகத் தரத்தில் காலத்தோடு மாறும் பகுதி நீங்காமல் தங்கிவிடும்.

சம்பளப் பட்டியல் கிடைத்ததும் அடுத்த வரைவோடு அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி