கார்வையைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பரதநாட்டிய ஆசான் வழுவூர் இராமையா பிள்ளை நினைவாக மயிலாடுதுறையில் நடந்த மார்க்கக் கச்சேரி (உருப்படிகளை மரபு வரிசையில் ஆடும் முழுக் கச்சேரி), தொடக்க உருப்படியான அலாரிப்பு முதல் நிறைவான தில்லானா வரை குறையில்லாமல் நடந்தேறியது. உதவியவர்களில் பலர் "எங்கள் பேரெல்லாம் எதற்கு" என்று மறுத்துவிட்டதால் அவரவர் தொழிலைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

இராமையா பிள்ளை 1910இல் பிறந்தவர். பக்கத்து ஊரான வழுவூர்க்காரர். தாய்மாமன் மாணிக்க நட்டுவனாரிடம் தொழில் கற்றவர். இராமையா பிள்ளையிடம் பயின்ற குமாரி கமலா 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகளுக்கு ஆடியதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெண்ணைச் சலங்கை கட்ட அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். இன்னொரு மாணவி கே.ஜே. சரசா, பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே இருந்த நட்டுவாங்கத் தாளத்தை (ஆட்டத்தை நடத்த ஆசான் தட்டும் கைத்தாளம்) பிடித்த முதல் பெண்களில் ஒருவர். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். மேடையேற்றுகிறவர்களை உண்மையில் திணறடிப்பது இராமையா பிள்ளை ஜதிகளுக்குள் (தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதிகளுக்குள்) வைத்த நிறுத்தங்கள். கோர்வை (அடவுகளின் தொடர்) ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஒரு கார்வை, அதாவது நிறுத்தம், வரும். உடல் சிலை போல நிற்கும், தாளம் மட்டும் நடக்கும். தில்லானாவின் தொடக்கத்திலும் அப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்ப நிலைகள். அந்த நேரத்தில் மேடையில் எது அசைந்தாலும் எது சத்தமிட்டாலும் ஆட்டம் கெட்டது.

ஆகவே முதல் நன்றி மிருதங்கக் கலைஞருக்கு. 'ததிங்கிணதொம்' என்ற ஜதிச் சொல் ஐந்து மாத்திரை (தாளத்தின் சிறு அளவு). மூன்று முறை சொன்னால் பதினைந்து, நடுவில் இரண்டிரண்டாக இரு கார்வைகள், ஆக மொத்தம் பத்தொன்பது. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்காக 32 மாத்திரை. அதில் 14ஆவதில் எடுத்தால்தான் அடுத்த சமத்தில் (தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில்) சரியாக வந்து இறங்கும். ஒரு கார்வையை விழுங்கினால் அரை எண்ணிக்கையும் இரண்டையும் விழுங்கினால் முழு எண்ணிக்கையும் முன்னதாகவே கால் நின்றுவிடும். காலி இடத்தைக் கண்டால் ஒரு உருட்டுச் சொல்லைப் போட்டு நிரப்பாமல் இருப்பது மிருதங்கக்காரர்களுக்குப் பெரிய தவம். அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதி என்பதால் சிறிய வாய் மிருதங்கமே சரிப்படும் என்று அதை எடுத்து வந்ததும் அவர்தான். கச்சேரியின் பெரிய உருப்படியான வர்ணம் நாற்பது நிமிடம். ஏ.சி. காற்றில் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) பூசிய ரவை காய்ந்து உதிரத் தொடங்கும், கும்கி என்ற ஆழ்ந்த நாதம் போய்விடும். நட்டுவனார் சரணத்துக்கு முன்னால் சற்று நிறுத்தியபோது ஈர விரலால் தடவி அதைச் சரிசெய்துகொண்டார். அவையில் ஒருவருக்கும் தெரியாது.

சலங்கை தைத்துக் கொடுத்த ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. காலுக்கு ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து மணி. வியர்வை குடித்த தோல் காய்ந்தால் விறைத்துப்போகும், துளையின் விளிம்பே நூலை அறுக்கும். மணி முழுதாகக் கழன்று விழுந்தால் பாதத்தில் குத்தும். பாதி தளர்ந்து தொங்கினாலோ உடல் நின்ற பிறகும் 'ச்சில்' என்று ஒரு ஒலி மிஞ்சும், கார்வையில் அது ஊருக்கே கேட்கும். கச்சேரிக்கு முதல் நாள் அவர் அத்தனை மணிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துச் சந்தேகமானவற்றை மெழுகு நூலால் மறுபடி தைத்தார். கூலி வாங்க மறுத்தார், நாங்கள்தான் பையில் திணித்தோம்.

அரங்கின் மேடை வெறும் சிமென்ட். அதில் தட்டடவை (பாதத்தைத் தட்டும் அடிப்படை அடவு) மூன்று வேகத்தில் தட்டினால் கணைக்கால் எலும்பு வலி எடுக்கும். கார்ப்பெட் விரித்தால் அதைவிட மோசம், பாதம் திரும்பாமல் முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். தச்சர் அண்ணன் ஓர் அடிக்கு ஒரு ரீப்பர் கட்டையாகப் பரப்பி, மேலே முக்கால் அங்குல ப்ளைவுட் போட்டார். ஆணியே அடிக்கவில்லை, எல்லாம் திருகாணி, தலை பலகைக்குள் அமிழும்படி. ஆணி இளகினால் பலகை அதோடு உரசிக் கீச்சிடும் என்றார். கார்வை என்ற சொல் அவருக்குத் தெரியாது, கீச்சு எங்கே கேட்கும் என்று தெரிந்திருந்தது. துடைத்த அக்காவிடம் பினாயில் வேண்டாம், பிழிந்த ஈரத்துணி போதும் என்று கேட்டுக்கொண்டோம். அப்படியே செய்தார்.

தையற்காரர் ஆடையின் விசிறி மடிப்புக்கு அளவெடுத்தபோது பிள்ளைகளை அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்த பாதி உட்கார்ந்த நிலையில்) உட்காரச் சொன்னார். நிற்க வைத்து அளந்தால், அரைமண்டி போடும்போது மடிப்பு முழுதாக விரியாமல் மேலே இழுக்கும், நிலை பாதியாகத் தெரியும். வளர்கிற பிள்ளைகள் என்பதால் ஓரத்தில் இரண்டு அங்குலம் துணியும் உள்ளே மடித்து விட்டிருக்கிறார்.

ஒப்பனை அண்ணன் தலைசாமானை (தலை நகைகளை) ஊசியை மட்டும் நம்பிக் குத்தாமல் கறுப்பு நூலால் முடியோடு சேர்த்துக் கட்டினார். சடையின் நடுப்பகுதியை ஒட்டியாணத்துக்குள் செருகியும் விட்டார், இல்லாவிட்டால் ஆடுகிறவள் நின்ற பிறகும் சடை ஆடிக்கொண்டிருக்கும். உள்ளங்கால் சாயத்தை ஒரு மணி நேரம் முன்பே பூசி உலர்த்தியதால் மேடையில் வழுக்கலும் இல்லை, சிவப்புத் தடமும் இல்லை.

விளக்குத் தம்பி முன்விளக்கைக் குறைத்து இரு பக்கத்திலிருந்தும் ஒளி கொடுத்தார். அதனால்தான் முத்திரைகள் உடலோடு ஒட்டிப்போகாமல் பின்வரிசைக்கும் தெரிந்தன. நிலை நிற்கும்போது நிறம் மாற்றும் ஆசையையும் அடக்கிக்கொண்டார். ஒத்திகையில் நட்டுவாங்கத் தாளம் பாட்டையே மூழ்கடித்தது. ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் வெண்கலம், சும்மா விடுமா? ஒலிபெருக்கிக்காரர் தாளத்தின் எதிரே இருந்த மைக்கை எடுத்துவிட்டு, நட்டுவனார் சொல்லும் சொற்கட்டுக்கு (ஜதிச் சொற்களுக்கு) வைத்த மைக்கிலேயே தாளமும் அளவாகக் கேட்கும்படி செய்தார்.

வாசலில் பூ, காபி, சந்தனம் கவனித்த பெரியம்மாக்களுக்கும் பிளாஷ் போடாத புகைப்படக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம். 'சப்தம்' என்ற உருப்படி முடியும் முன்பே கைதட்டியவர்களையும் மன்னித்துவிட்டோம்.

ஒப்பனை அறையில் ஒரு ராக்கொடியும் இடது கால் சலங்கை ஒன்றும் எடுக்காமல் கிடந்தன. எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன, உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். சலங்கையில் மேல் வரிசை இரண்டாவது மணி தளர்ந்திருக்கிறது, கட்டுவதற்கு முன் தைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வழுவூர் பாணி மாணவர்கள்,
மயிலாடுதுறை