ஜப்பானுக்கு ட்ரோன் எடுத்துப் போகிறவர்களுக்கு, நம் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் ஒசாகாவிலிருந்து எங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. பூங்கா வாசலில் நட்டிருந்த அறிவிப்புப் பலகை. அதில் ஒரு ட்ரோன் படம், குறுக்கே சிவப்புக் கோடு. அனுப்பியவர் நான்கு வருடமாக நம்மிடம் சர்வீசுக்கு வருகிறவர். “இது பெரிய ட்ரோனுக்கு மட்டுமா, நம்முடையதற்குமா? 249 கிராம்தானே, எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்று கேட்டிருந்தார்.

உண்மைதான், நாங்கள்தான் சொன்னோம். இந்தியாவில் 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை. 2021 ட்ரோன் விதிகளின்படி அவற்றை இயக்க ரிமோட் பைலட் லைசென்ஸ் வேண்டாம். அந்தப் பழக்கத்தில் வாயில் வந்த வார்த்தை அது. ஜப்பானில் அந்தக் கணக்கு செல்லாது. அவர் ட்ரோனைப் பையை விட்டு எடுக்காமலே ஊர் திரும்பினார். மேலிருந்து படம் எடுத்துக் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப் போன பிள்ளைகளுக்கு ஏமாற்றம். தவறு எங்களுடையது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்து செர்ரிப் பூக்காலத்துக்கு டிக்கெட் போட்டிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

ஜப்பானில் எல்லை 100 கிராம். முன்பு 200 கிராமாக இருந்ததை 2022 ஜூன் 20 முதல் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உடலும் பேட்டரியும் சேர்த்து 100 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், வெளியில் பறக்கவிடும் முன் அதைப் பதிவு செய்தாக வேண்டும். சுற்றுலாப் பயணி, இரண்டே நாள் தங்கல் என்பதற்கெல்லாம் விலக்கு கிடையாது. பதிவில்லாமல் பறக்கவிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம்.

பதிவு நடப்பது அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகத்தின் டிப்ஸ் 2.0 (DIPS 2.0) என்ற இணையதளத்தில். ஆங்கிலத்திலும் இருக்கிறது. உங்கள் பெயரில், உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து நீங்கள்தான் செய்ய வேண்டும். கடையிலிருந்து செய்து தர எங்களால் முடியாது. கட்டணம் கட்டியதும் ஜேயு என்று தொடங்கும் எண் வரும். அதை ட்ரோனின் உடம்பில், எழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஒட்ட வேண்டும். கழற்றி மாட்டும் பேட்டரியில் ஒட்டக் கூடாது. கையில் பேனாவால் எழுதினால் இரண்டு நாள் வியர்வையில் அழிந்துவிடுகிறது. எண்ணோடு வந்தால் லேபிள் மெஷினில் அடித்து ஒட்டித் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

எண் மட்டும் போதாது, ரிமோட் ஐடியும் வேண்டும். பறக்கும்போது ட்ரோன் தன் பதிவு எண்ணை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் வசதி அது. உங்கள் மாடலில் ஜப்பான் முறைக்கு ஏற்றது உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெளியே ஒரு சிறு கருவி மாட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

சரி, பதிவு முடிந்தது, எங்கே விடலாம்? பலரும் தடுக்கிவிழும் இடம் இதுதான். மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் குறித்திருக்கிறார்கள். அங்கே அனுமதி இல்லாமல் விடக் கூடாது. டோக்கியோவின் 23 வார்டுகளும் அநேகமாக முழுவதும் அதற்குள் வந்துவிடும். விமான நிலையத்தைச் சுற்றியும், தரையிலிருந்து 150 மீட்டருக்கு மேலும் கூடாது. இரவில் விடவும், கண்ணுக்குத் தெரியாத தூரம் அனுப்பவும், சம்பந்தமில்லாத ஆட்கள், கட்டடங்கள், வண்டிகளுக்கு 30 மீட்டருக்குள் கொண்டுபோகவும் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தைக் குறைந்தது 10 வேலை நாள் முன்பே போட வேண்டும். ஊரில் இறங்கிய பிறகு யோசித்தால் நடக்காது. இவை போக, டோக்கியோ மாநகரப் பூங்காக்கள் போல அந்தந்த ஊர் தனியாகப் போட்ட தடைகளும் உண்டு. கோயில், கோட்டை என்றால் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பீர்கள். 2015 ஏப்ரலில் டோக்கியோவில் பிரதமர் அலுவலக மொட்டை மாடியில் ஒரு ட்ரோன் கிடந்தது, லேசான கதிர்வீச்சுள்ள மணலோடு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ட்ரோன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2017 நவம்பரில் கிஃபு மாவட்டத்து ஒகாகி நகரில் ஒரு விழா. மேலிருந்து மிட்டாய் தூவிக்கொண்டிருந்த ட்ரோன் கூட்டத்தின் மேலேயே விழுந்து ஆறு பேருக்குக் காயம். மிட்டாய்க்காக அண்ணாந்து நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சர்வீசுக்கு வரும் ட்ரோன்களில் விளிம்பு சிதைந்த இறக்கைகளைத் தினமும் பார்க்கிறோம். அது சுழலும் வேகத்தில் கன்னத்தில் பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். எனவே இந்த விதிகளை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம்.

உங்கள் பயணம் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும்தான் என்றால், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கிராமப்புறம், கடலோரம், மலைப்பக்கம் நாலு நாள் தங்குவதாக இருந்தால் மட்டும் இத்தனை ஏற்பாட்டுக்கும் அர்த்தம் உண்டு.

எடுத்துப் போவதென்றால், பேட்டரி கைப்பையில்தான். உதிரி பேட்டரியை செக்-இன் லக்கேஜில் போட்டால் பெட்டியையே திறக்கச் சொல்வார்கள். பேட்டரி மேலே அச்சிட்டிருக்கும் எம்ஏஎச்சை (mAh) வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. உதாரணமாக, 2453 எம்ஏஎச், 7.38 வோல்ட் என்றால் சுமார் 18 வாட்-மணி. 100 வாட்-மணி வரை பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். எத்தனை பேட்டரி என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது நம் விமான நிலையக் கஸ்டம்ஸில் சீரியல் எண்ணைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாக இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. திரும்பும்போது “இது இங்கிருந்து போனதுதான்” என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும். டோக்கியோவின் அகிஹபாரா எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்று வாங்கி வந்துவிடாதீர்கள்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தந்த நாட்டுக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், பொம்மை வகையாக இல்லாமல் கேமராவும் இருந்தால் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். மொராக்கோவில் ட்ரோனை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் அந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தை ஒருமுறை பாருங்கள்.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது ட்ரோன், எல்லா பேட்டரிகள், வாங்கிய பில் மூன்றையும் கடைக்குக் கொண்டுவாருங்கள். தராசில் வைத்துப் பார்த்து, உப்பிய பேட்டரி இருந்தால் பிரித்தெடுத்து, சீரியல் எண்ணை பில்லோடு சரிபார்த்துத் தருகிறோம். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
கடையில் உள்ள நாங்கள் அனைவரும்
கோயம்புத்தூர்