பைன் மரம் தறிப்பது பற்றிச் சின்னையாவுக்கு

நோர்போக், ஒன்ராறியோ, கனடா

அன்புள்ள சின்னையாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சின்னம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். "காணி வாங்கினது மரம் தறிக்கவோ? கடவுள் வளர்த்த காட்டைச் சும்மா விடன்" என்று தொலைபேசியில் சொன்னீங்கள். அந்த அவசரத்தில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னையா, எங்கள் காணியின் முன்பாதியில் நிற்பது கடவுள் வளர்த்த காடு இல்லை. நோர்போக், ஈரி ஏரியின் வடகரையில் உள்ள மணல் பூமி. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் இங்கிருந்த பெருங்காட்டை வெட்டி உழுதார்கள். வேர் போனதும் மணல் காற்றோடு கிளம்பிவிட்டது. விளைச்சல் இல்லாமல் எத்தனையோ காணிகள் கைவிடப்பட்டன. எட்மண்ட் சாவிட்ஸ் என்ற வனவியலாளரின் முயற்சியால் 1908இல் செயின்ட் வில்லியம்ஸ் என்ற ஊரில் அரசாங்கம் மரக்கன்றுப் பண்ணை தொடங்கியது. அப்படி வளர்த்து நட்ட கன்றுகள்தான் இந்த மணலைப் பிடித்து நிறுத்தின. எங்கள் சிவப்புப் பைன்களும் அதே வழக்கத்தில், முன்னைய சொந்தக்காரர் 1960களில் வரிசை பிடித்து நட்டவை.

நேராக வளரவேண்டும் என்று நெருக்கமாக நட்டார்கள், பிறகு இடையிடையே எடுத்து ஐதாக்கலாம் என்ற எண்ணத்தோடு. நாற்றுமேடையில் நெருங்கி முளைத்த மிளகாய்க் கண்டை நீங்கள் ஒருநாளும் அப்படியே விட்டதில்லையே! விட்டால் மரம் மெலிந்து உயரும், உச்சியில் மட்டும் ஒரு பிடி பச்சை இருக்கும், பெருங்காற்றுக்கும் பனிப்பாரத்துக்கும் தாங்காது. கீழே வெளிச்சமே விழாது. காய்ந்த ஊசியிலை மட்டும் மெத்தையாகக் கிடக்கும், வேறொன்றும் முளைக்காது. பழைய சொந்தக்காரர் ஒரு மூலையில் மட்டும் சில வரிசைகளை எடுத்திருக்கிறார். அங்கே போய்ப் பார்த்தால் ஓக், செரி, மேப்பிள் கன்றுகள் என் இடுப்பளவுக்கு நிற்கின்றன. ஒருவரும் நடவில்லை. புளூ ஜே பறவைகளும் அணில்களும் ஓக் விதையைக் கொண்டுவந்து புதைத்துவிட்டு மறந்துபோகும். அதற்கு வெளிச்சம் கிடைத்தால் போதும். பைன் ஐதாக ஐதாக, இந்த மண்ணுக்குரிய பழைய காடு அதன் கீழிருந்தே எழும்பி வரும். நாங்கள் தறிப்பது அதற்காகத்தான்.

பணமும் வரும், அதை மறைக்கவில்லை. நேரான பைன் மின்கம்பத்துக்குப் போகும். ஆனால் எதை எடுப்பது என்று முடிவு செய்ய, மரம் வாங்குபவரை விடமாட்டோம். விட்டால் நல்லதெல்லாம் போய்க் கோணலும் நோயும்தான் மிஞ்சும். அதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து எடுக்கவேண்டிய மரத்துக்கு வர்ணம் பூசுவார்கள். வெட்டு குளிர்காலத்தில்தான், பறவைகள் கூடு வைக்காத நேரத்தில்.

பின்பக்கத்து ஓக், மேப்பிள் காடு வேறு. அது உழப்படாத நிலம், அங்கே உங்கள் சொல்தான் எங்கள் சொல்லும். ஆசியாவிலிருந்து வந்து 2002இல் இந்தக் கண்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதன் புழு பட்டைக்கு உள்ளே குடைந்து தின்ன, மரத்தின் சாறோட்டம் அறுந்துபோகும். பட்ட மரங்களைத் தறித்து விறகாக்கச் சொல்கிறார் பக்கத்துக் காணிக்காரர். பிள்ளைகள் நடக்கும் பாதையோரத்தில் மட்டும் எடுக்கிறோம், காய்ந்த ஆஷ் சொல்லாமல் முறியும். மற்றவை நிற்கட்டும். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு பறக்கும் அணில் குடியிருக்கும். விழுந்த மரம் உக்கி இந்த மணலில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பட்ட மரத்தை அகற்றிக் காட்டைக் கூட்டித் துப்புரவாக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் அங்கேயும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வழியில்லை, சின்னையா. பக்தோர்ன் என்றொரு செடி. ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்தார்களாம். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடெல்லாம் பரப்பிவிட்டன. ஐப்பசிக் கடைசியில் மற்ற மரங்கள் இலை கொட்டிய பிறகும் இது பச்சையாக நிற்கும். அப்போது அடையாளம் கண்டு, ஈர மண்ணில் சின்னதுகளை வேரோடு பிடுங்குகிறோம். பெரியதை வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் தளிர்க்கும். விட்டுவிட்டால் பத்து வருஷத்தில் ஓக் கன்றுக்குக் கால் வைக்க இடமிராது. பைனை ஒரேயடியாகத் திறந்தாலும் வெளிச்சத்துக்கு இதுதான் முந்தி வரும், அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம்.

வரியும் குறையும். 4 ஹெக்ரேயருக்குக் குறையாத காடு வைத்திருந்து, 10 வருஷத் திட்டம் எழுதி அங்கீகாரம் பெற்றால், அந்தப் பகுதிக்கு வீட்டுக் காணி வரிவீதத்தில் 25 வீதம்தான். மரம் தறிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பறவைகளுக்காக வைத்திருக்கிறேன் என்றும் எழுதலாம்.

வர்ணம் பூசுபவர் புரட்டாதியில் வருகிறார். உங்களுக்கு விசா கிடைத்தால் ஆவணிக்குள் வந்துவிடுங்கோ. மூன்று தலைமுறை வடலி வளர்த்த குடும்பத்தில் பெரியவர் நீங்கள். அவரோடு சேர்ந்து நடந்து, எது நிற்கவேண்டும் என்று நீங்களும் சொல்லவேண்டும். குளிர்ச்சட்டை இங்கே இருக்கிறது, நல்ல சப்பாத்து மட்டும் கொண்டுவாங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்புப் பெறாமகன்