சானல்கரையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மக்களே,

ஏத்தங்காய் உப்பேரி டப்பாவோடு கடிதமும் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். ஃபோனில் கூப்பிட்டால் "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறேனோ என்று எனக்கும் கூச்சமாக இருக்கிறது. எழுதி அனுப்பினால் நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்வாய். உனக்கு மட்டிப்பழமும் சேர்த்து அனுப்ப உன் அம்மாவுக்கு ஆசை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம்தான், ஆனால் கூரியரில் பெங்களூரு வந்து சேருவதற்குள் கருத்துக் குழைந்துவிடும். அதை இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

மழை பிடித்துவிட்டது. ஐப்பசி மழை என்றால் உனக்குத் தெரியும், மத்தியானம் வரை வெயில் அடிக்கும், சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும். பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது இப்போதும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம்தான். சானல் வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பிறகும் இது என்ன பழக்கம் என்று அம்மா கேட்கிறாள். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணி நிறைந்தால் 77 அடி. பேச்சிப்பாறையில் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று பேப்பரில் பார்த்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. திற்பரப்பு அருவியில் குளிக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தால் கோதையாற்றில் உபரி நீர் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் எழுந்து டார்ச்சோடு அணைத் தண்ணீர் ஓடும் நம் சானலின் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படுப்பேன்.

நம் தெருவில் இப்போது ஒரு மணி நேர மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நாம் வீடு கட்டும்போது இப்படி இல்லை. கீழே முழுக்க வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளைந்த பூமி. தெருத் தண்ணீர் ஓடையில் இறங்கி, வயலில் பரவி, குளத்துக்குப் போய், மறுகாலில் வழிந்துவிடும். இப்போது அந்த வயலெல்லாம் மனை. செம்மண் அடித்து மேடாக்கி, ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டைவிட ஒரு முழம் உயர்த்திக் கட்டுகிறார்கள். ரோடு போடுகிறவர்களும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஓடை நின்ற இடத்தில் ஒரு சிமெண்ட் குழாய், அவ்வளவுதான். அதிலும் பாதி மண். அதனால் பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்தில் விழுந்துவிட்டன. நம் முற்றத்துப் படி மூன்றில் ஒன்றுதான் இப்போது வெளியே தெரிகிறது.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தெருக்காரர்கள் சேர்ந்து போய் மனு கொடுத்தோம். நான்தான் எழுதினேன். ஓடையின் பழைய அகலம், அது எந்தக் குளத்தில் சேர்கிறது, மறுகால் எங்கே போகிறது எல்லாம் வரைந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்த அதிகாரி சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும். "ஐயா, நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டது. இல்லை அம்மா, சானலும் மடையும் பார்த்த லஸ்கர், என் மகள்தான் இன்ஜினியர் என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். பிறகு வந்து அளந்துவிட்டுப் போனார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை. மழை கழியட்டும் என்கிறார்கள்.

தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல் விட்டதில் எதிர்வீட்டு டீச்சர் ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார்கள். மணிக்கட்டு எலும்பு முறிவு. அவர்கள் மகள் துபாயிலிருந்து மறுநாளே வந்து நின்றது. ஒரு மாதம் இருந்து சமைத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்பியது. உன்னை வைத்துச் சொல்லவில்லை. நமக்கு இங்கே ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் சொல்ல மாட்டோம். நீயும் சொல்ல மாட்டாய். அது நம் குடும்பத்து வழக்கம்.

ஓணத்துக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. அம்மா நம் பேத்தி சின்னவளுக்காகத் தோவாளையிலிருந்து பூ வரவழைத்து வைத்திருந்தாள், அத்தப்பூ போட. அதை என்ன செய்ய, கோயிலுக்குக் கொடுத்தோம். கேட்டவர்களிடம் ஆபீஸில் பெரிய பொறுப்பு, விட மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். பெரியப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சுகமா? ஆடிக்குப் பிறகு என் ஃபோனை எடுக்கவில்லை. அவருக்கும் வேலை மும்முரமாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. அம்மா நாலு ஏத்தம்பழம் அவித்துச் சாப்பிடச் சொல்கிறாள். அங்கே கிடைக்குமாம், விலைதான் அதிகமாம். விலை பார்க்காதே.

இந்த வருஷம் சானலில் ஓடுவது தண்ணீரா குப்பையா என்று தெரியவில்லை. கோழிக்கழிவை மூட்டையாகக் கட்டி ராத்திரி பாலத்தின் மேலிருந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். குழந்தைகளுக்குக் கட்டும் நாப்கின், பழைய மெத்தை, எல்லாம் வருகிறது. புத்தன் அணையிலிருந்து கிளம்பும்போது அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கலாம் மக்களே. பார்வதிபுரம் பக்கம் வரும்போது கால் வைக்க அருவருப்பாக இருக்கிறது. இதைத்தான் சானல் முடிகிற கடைவரம்பில் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தது 1906-இல். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் மின்சின் என்ற வெள்ளைக்காரர் காட்டுக்குள் கிடந்து கட்டினார், அந்த அணைப் பக்கத்திலேயே அவரை அடக்கமும் செய்திருக்கிறார்கள். ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த தண்ணீரில் கோழிக்குடலைப் போட இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியாது. நாலாம் வகுப்பு லீவில் என்னோடு சைக்கிளில் கரை பார்க்க வருவாய். மடைக்கு மடை நான் இறங்கிப் பார்க்கும்போது நீ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் கேட்டாய், "கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்துச்சான்னு யாருப்பா போய்ப் பார்ப்பாங்க?" என்று. மேலே ஷட்டரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பெரிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயசில் உனக்கு அந்தக் கேள்வி வந்தது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த காலம் வரைக்கும் தண்ணீர் திறந்தால் கடைவரம்பு வரை போய்ப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லை.

சானல் கரை எங்கே உடையும் தெரியுமா? தண்ணீர் அதிகம் என்பதால் மட்டும் உடையாது. பாலத்தடியில் மரக்கிளையும் சாக்குமூட்டையும் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் ஒன்றும் ஆகாது. அங்கிருந்து மேலே, யாரும் பார்க்காத ஒரு இடத்தில், நண்டு தோண்டிய ஒரு ஓட்டை வழியாகக் கசியத் தொடங்கும். அப்போதே யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் நாலு மூட்டை மணல் போதும். வெளியே தெரிந்தால் பேர் கெட்டுப்போகும் என்று கரைக்காவல் ஆள் ஒரு ராத்திரி பொறுத்தால், விடியும்போது ஊருக்குள் தண்ணீர். கசிவைச் சொன்னதற்காக யாரையும் நான் ஏசியதில்லை. எந்த ஜாமத்தில் வந்து எழுப்பினாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடப் போயிருக்கிறேன்.

சரி, வேறு சேதி. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். வேறு ஆள் வைக்கவில்லை. இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஒருத்தர் அட்வான்ஸே கொண்டுவந்தார், இல்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நீ மாடி எப்போது காலியாகும் என்று கேட்டாயாம். ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. பெரிய அறையில் நெட் வேண்டும் என்றால் சொல், கேபிள்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் நம் தெருவில் இப்போது நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்த மாடி உன் சம்பளத்தில் எழும்பியது. பத்திரத்தில் என் பேர் இருந்தாலும் அது உன் வீடு. நீ அங்கே வந்து இருப்பதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

கிணறு பற்றியும் எழுத வேண்டும். பின்பக்கத்து மனையில் புதிதாகக் கட்டியவர்கள் செப்டிக் டேங்கை நம் கிணற்றை ஒட்டி வைக்கப் பார்த்தார்கள். நான் போய்ப் பேசினேன், நல்ல மனுஷர்கள், தள்ளி வைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தில் பாதிக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது என்கிறார்கள். நம்முடையது நன்றாக இருக்கிறது, பரிசோதித்துப் பார்த்தாயிற்று. சின்னவளுக்குக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதும். குழாய்த் தண்ணீர் நினைத்த நாளில்தான் வரும், அதற்குச் சின்டெக்ஸ் இன்னொன்று வாங்கி மாட்டியிருக்கிறேன்.

கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் கொண்டுபோகிற டாரஸ் லாரிகள் மெயின் ரோட்டில் நிற்காமல் ஓடுகின்றன. அதனால் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டிய பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம். உள்தெருவிலேயே நடந்து போகிற தூரத்தில் ஒன்று இருக்கிறது. சும்மா அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். வருஷ நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்களாம், இரண்டாம் வகுப்பில் இடம் இருக்கிறதாம். எதிர்வீட்டு டீச்சருக்கும் அங்கே தெரிந்தவர்கள் உண்டு. நான் விவரம் ஒன்றும் சொல்லவில்லை, பேத்தி என்று மட்டும் சொன்னேன். சனி, ஞாயிறு சின்னவளைச் சுசீந்திரம் குளத்துக்குக் கூட்டிப்போகலாம். தேரூரையும் சேர்த்து 2022-இல் ராம்சார் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். கூழைக்கடா கூட்டமாக வந்து இறங்குவதை அது பார்த்ததே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு என்று மேலே எழுதினேனா? எழுதியிருந்தாலும் இருக்கட்டும். ராத்திரி ரொம்ப நேரம் முழித்திருக்காதே. உன் சர்டிபிகேட், சின்னவளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், நகை எல்லாம் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சம்பளம் விழுகிற கணக்கு உன் ஒருத்தி பேரிலேயே இருக்கட்டும். இது எல்லாப் பெண்களுக்கும் நான் சொல்வதுதான், தங்கச்சி கல்யாணத்திலும் சொன்னேன், நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

ஒக்கி புயல் அடித்த அந்த நவம்பர் 30 உனக்கு மறந்திருக்காது. 2017. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை, ரோடு முழுக்க மரம். மூன்றாம் நாள் யாரிடமோ லிஃப்ட் கேட்டு, பாதி தூரம் நடந்து, வீட்டு வாசலில் வந்து நின்றாயே. அம்மா உன்னைப் பார்த்ததும் அழுதாள். நான் ஏன் வந்தாய், வழியில் ஏதாவது ஆகியிருந்தால் என்று ஏசினேன். அன்றைக்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "என் வீட்டுக்கு வர நான் யாருகிட்டப்பா கேக்கணும்?" என்றாய். அதே வாயால்தான் இப்போது "பார்க்கலாம்பா", "அப்புறம்பா" என்று சொல்கிறாய். எனக்கு அந்தப் பழைய பதில்தான் வேண்டும்.

பெங்களூரிலிருந்து சாயங்காலம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை கோட்டார் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். திருவனந்தபுரம் வழியாக வருகிற ஐலண்ட் எக்ஸ்பிரஸ் வேண்டாம், சுற்று அதிகம், மழையும் அந்தப் பக்கம்தான் கூடுதல். 2021 நவம்பரில் அந்தப் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றது ஞாபகம் இருக்கும். டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வா, வடசேரியில் நான் நிற்கிறேன். சாமான் எதுவும் சுமக்காதே. துணியும் சின்னவளும் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பள்ளிக்கூடத்தில் டி.சி.யும் ஆதார் நகலும் கேட்பார்களாம். டி.சி. அங்கே எழுதிக் கேட்டால்தான் கொடுப்பார்கள், கையெழுத்துக்கு நாள் ஆகும். அதனால் கேட்பதாக இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடு. உப்பேரி சின்னவளுக்கு, சர்க்கரைவரட்டி உனக்கு, இரண்டும் தனித்தனிக் கவரில் இருக்கிறது.